நடுவுல காத்துப் போகுதுங்களா?

1996 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். சிறுவாணித் தண்ணீர் 5.45க்கு வந்து 6.30க்கு நின்றது, பதினொரு குடம் பிடித்தோம். நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. 8.10க்குக் கணபதி ஸ்டாப்பில் டவுன் பஸ் ஏறினேன், உட்கார இடம் கிடைத்தது. 8.45க்கு ஸ்கேன் சென்டரைத் திறந்து டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றினேன். சாரல். குடை எடுத்துப் போகவில்லை.

அந்த நாளின் காலையைப் பற்றி டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. மாலையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. பொதுவாக நான் ஒரு நாளுக்கு அரைப் பக்கத்தைத் தாண்டுவதில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்துக்குக் காரணமானவரை டாக்டரம்மா என்று மட்டும் சொல்கிறேன். பெயரைப் போட்டால் போன் செய்து, "ஏனுங்ணா, பேரப் போட்டீங்களே, விசயத்தச் சரியாப் போட்டீங்களா?" என்று கேட்பார்.

அவர் சி.டி. ஸ்கேன் படங்களைப் பார்த்து என்ன நோய் என்று சொல்லுகிற டாக்டர். நான் அவர் சொல்வதை ரிப்போர்ட்டாகத் தட்டுகிறவன். என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். பால்காரர், பெட்ரோல் போடுகிறவர், சென்டர் முதலாளி எல்லாருமே அவருக்கு அண்ணாதான்.

அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். எதைப் பார்த்தாலும் அதன் நடுவைப் பார்ப்பார். ஓரத்தை நம்ப மாட்டார்.

முதலில் அதை நான் கவனித்தது சென்டர் இருக்கும் தெருவின் முனை மெஸ்ஸில். மதியம் இட்லி தீராமல் இருந்தால் அதைத்தான் சாப்பிடுவார். எல்லாரும் இட்லியை ஓரத்திலிருந்து பிய்ப்பார்கள். டாக்டரம்மா கட்டைவிரலை நேராக நடுவில் இறக்கி, இரண்டாகப் பிளந்து, முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். பிறகுதான் வாயில் வைப்பார். மெஸ்காரருக்கு இது பெரிய அவமானம்.

"ஏனுங் டாக்டரம்மா, எங்க இட்லிக்கும் ஸ்கேனுங்களா?"

"இட்லி நல்லாருக்குதுங்ணா. நடுவுல மட்டும் சித்த வேகல."

"இருவது வருசமா மெஸ் நடத்தறனுங்க. ஒருத்தரும் சொன்னதில்ல."

"அவங்கெல்லாம் ஓரத்துல இருந்து தின்னுட்டு வந்து, நடுவு வரும்போது சட்னில முக்கி முழுங்கியிருப்பாங்க. எப்படித் தெரியும்?"

மெஸ்காரர் மறுநாளிலிருந்து அவருக்கு மட்டும் தட்டின் கடைசிக் குழியில் வெந்த இட்லியைத் தனியாக எடுத்து வைத்தார். அதையும் பிளந்துதான் பார்த்தார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். டாக்டரம்மாவுக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு. சிறு வயதில் கொப்பரைக் களத்தில் விளையாடியவர். மழை வருகிறது என்று கொப்பரையைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினால், இரண்டு நாள் கழித்து மேலே கைவைத்தால் கலகலவென்று காய்ந்திருக்குமாம். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டால் நடுவில் சூடும் பூஞ்சையும். "மேல இருக்கறது காத்து வாங்கிக்குதுங்ணா. நடுவுல இருக்கறதுக்கு ஆரு குடுப்பா?" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. அடுத்த படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

சென்டர் முதலாளி மோட்டார் பம்பு செய்து சம்பாதித்தவர். வரவேற்பறைக்குப் புதிதாக ஒரு சோபா வாங்கிப் போட்டார். மெரூன் நிற ரெக்சின், பித்தளைக் குமிழ் பதித்தது. பூசணிக்காய் சுற்றி, எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். டாக்டரம்மா லட்டை நடுவில் பிளந்து பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, சோபாவைச் சுற்றி வந்தார். பின்பக்கம் ஒரு தையல் விட்டிருந்தது. அதற்குள் இரண்டு விரலை விட்டு எதையோ பிடித்து வெளியே இழுத்தார். வைக்கோல்.

"அண்ணா, பில்லுல தேங்காய் நாருன்னு போட்டிருந்தாங்களா?"

முதலாளியின் முகம் சோபாவின் நிறத்துக்கு வந்தது. "டாக்டரம்மா, நீங்க படம் பாருங்க போதும். பர்னிச்சர நான் பாத்துக்கறேன்."

"சரிங்ணா. ஆனா மாடு வளக்கறவங்க யாராச்சும் ஸ்கேனுக்கு வந்தா, மாட்ட வெளியவே கட்டிப்போட்டு வரச் சொல்லுங்க."

அந்த சோபா ஒரு வாரத்தில் கடைக்குத் திரும்பிப் போனது. முதலாளி அவரை வேலையில் வைத்திருந்ததற்கு அவருடைய திறமை ஒரு காரணம். அவரிடம் எதிர்த்துப் பேசப் பயம் என்பது இன்னொரு காரணம்.

என் தங்கை கல்யாணம் சிங்காநல்லூர் மண்டபத்தில் நடந்தது. மணவறையில் ஹோமப் புகை, இரண்டு வீடியோ லைட், சுற்றிலும் நெருக்கி நின்ற முப்பது நாற்பது உறவுக்காரர்கள். நடுவில் ஒன்பது கஜக் கூறைச் சேலையும் மாலையுமாக என் தங்கை. டாக்டரம்மா பரிசுப் பொட்டலத்தோடு படியேறி வந்தவர், பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு நேராக மணவறைக்குள் போனார்.

"ஏனுங், அக்கட்ட நகருங்க. நடுவுல இருக்கற புள்ளைக்குக் காத்துப் போகுதுங்களா?"

வீடியோக்காரர் கத்தினார். "மேடம், ஃபிரேம்ல வர்றீங்க!"

"நான் வந்தாப் பரவால்லீங்ணா. புள்ள மயங்கி உழுந்தா அதுவும் உங்க ஃபிரேமுக்குள்ளதான் உழுவும்."

தங்கையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவரச் செய்தார். சோடா வந்தது. முகூர்த்தம் தள்ளிப்போகவில்லை, தாலி 7.42க்கு ஏறியது. ஆல்பத்தில் மொத்தம் தொண்ணூற்றாறு படங்கள். அதில் பதினொன்றில் டாக்டரம்மாவின் முதுகு இருக்கிறது. ஒன்றில் அவருடைய முழங்கை மட்டும்.

இனி நான் டைப் செய்கிற முறையைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் ஜூலை 9 புரியாது.

டாக்டரம்மா படங்களைப் பார்த்துக்கொண்டே ஒரு சின்ன டேப் ரிக்கார்டரில் பேசுவார். நான் அடுத்த அறையில் அதைக் காதில் மாட்டிக்கொண்டு தட்டுவேன். ரிப்போர்ட் முழுவதும் ஆங்கிலம். ஆனால் டேப் முழுவதும் ஆங்கிலம் இல்லை. கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "அண்ணா, வெளிய ஒருத்தர் செருப்ப மாத்திப் போட்டுட்டுப் போறாரு, கூப்புடுங்க" என்பார். பிறகு மண்ணீரல் ஆங்கிலத்தில் வரும். சிறுநீரகத்துக்கும் பித்தப்பைக்கும் நடுவில் பவர்கட்டைத் திட்டுவார். முதுகெலும்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தவர் ஒருநாள், "ஏனுங்ணா, நேத்து எங்க தோப்புல யானை பூந்து ஏழு தென்னைய முறிச்சுப்போட்டுது. இந்தாளு முதுகவிட என்ற தென்னையோட முதுகு மோசம்" என்றார்.

முதல் வாரத்திலேயே நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் வருவது ரிப்போர்ட்; தட்ட வேண்டும். தமிழில் வருவது பேச்சு, விட வேண்டும். மூன்று வருடத்தில் இந்த விதி ஒருமுறையும் தவறியதில்லை. விட்ட பேச்சில் அன்றைக்கு நன்றாக இருந்த ஒன்றை மட்டும் மாலையில் டைரியின் அடியில் எழுதி வைப்பேன். யானையும் தென்னையும் அப்படித்தான் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

என் ரிப்போர்ட்டுகள் பார்க்க அழகாக இருக்கும் என்பதை நானே சொல்லலாம். நான்கு பக்கமும் ஒரே அளவு ஓரம். அடித்தல் கிடையாது. டாக்டரம்மா ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, "கல்யாணப் பத்திரிகையாட்டம் இருக்குதுங்ணா. ஓரமெல்லாம் சுத்தம். நடுவுல என்ன தட்டியிருக்கறோம்னு என்னிக்காச்சும் படிச்சுப் பாத்திருக்கறீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். படித்ததில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

புற்றுநோய்க் கட்டி என்று வந்தால் மட்டும் அவருடைய வேடிக்கை குறைந்துவிடும். நாற்காலியை விளக்குப் பெட்டிக்கு அருகே இழுத்துக்கொள்வார். கை நரம்பில் மருந்து ஏற்றி எடுத்த படத்தில், ரத்தம் போகிற இடம் வெளுப்பாகத் தெரியும். போகாத இடம் கறுப்பாக நிற்கும். மற்றவர்கள் கட்டி எத்தனை சென்டிமீட்டர், எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று ஓரத்தை அளப்பார்கள். இவர் கறுப்பைப் பார்ப்பார்.

எனக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் சொன்னார். கட்டி அவசரமாக வளருகிறது. ரத்தக் குழாய் அந்த வேகத்துக்கு உள்ளே போவதில்லை. அதனால் நடுவுக்கு ரத்தம் இல்லை, ரத்தத்தோடு வருகிற ஆக்சிஜனும் இல்லை. நட்டநடு செத்துவிடும், அதுதான் கறுப்பு.

"செத்ததப் பத்திக் கவலையில்லீங்ணா. அதச் சுத்தி ஒரு கூட்டம் இருக்கும் பாருங்க, சாகாம, மூச்சும் இல்லாம. அதுதான் வில்லங்கம். கரண்டு வெக்கறப்ப ஆக்சிஜன் இருந்தாத்தான் செல்லு சாகும். மூச்சில்லாதது கல்லாட்டம் உக்காந்துக்கும். சுத்தியிருக்கறது பூராக் கரைஞ்சாலும் அது திலும்ப வளரும்."

கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் எங்கள் பக்கத்தில் கரண்டு வைக்கிறது என்பார்கள். டாக்டர்களும் நோயாளியிடம் அப்படித்தான் சொல்வார்கள்.

வெளிநாட்டில் ஏதோ ஒரு மருந்தை ஊசியில் போட்டால், ஆக்சிஜன் குறைந்த இடமாகத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளுமாம். வேறு வகைக் கேமராவில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியுமாம். இன்னும் ஆராய்ச்சியில் இருப்பதாகச் சொன்னார். அந்தக் கட்டுரையின் ஜெராக்ஸ் ஒன்று அவருடைய கைப்பையில் நான்காக மடித்து இருந்தது. மடிப்பில் எழுத்து அழிந்துபோகிற வரை வைத்திருந்தார். "மூச்சில்லாத எடத்த வெளிச்சம் போட்டுக் காட்டுதாமாங்ணா! நம்மகிட்ட இருக்கறது கறுப்பும் வெள்ளையும்தான். கறுப்பப் பாத்து மிச்சத்த யூகிச்சுக்கோணும்" என்று பெருமூச்சு விட்டார். பக்கத்து வீட்டில் கலர் டி.வி. வாங்கினால் விடுகிற பெருமூச்சு மாதிரியே இருந்தது.

ஜூலை 9 அன்று காலை 11.30க்கு மாராத்தாள் என்ற அம்மா வந்தார். ஐம்பது வயதுக்குச் சற்று மேல். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிற வேலை. கூட மருமகன். வெற்றிலை புகையிலை போட்டுப் போட்டு நாக்கின் ஓரத்தில் புண். தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுத்து, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரண்டு ஆரம்பிக்கிறோம், அதற்குமுன் ஒரு ஸ்கேன் எடுத்து வாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள்.

இனி வருவதை நான் டேப்பில்தான் கேட்டேன். படம் வந்ததும் டாக்டரம்மா ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார். கட்டி இருக்கிற இடம், நீளம், அகலம், சுற்றிலும் வெளுப்பு வளையம், நடுவில் கறுப்பு. அப்போது கதவுப் பக்கமிருந்து மாராத்தாளின் குரல்.

"ஏனம்மிணி, என்ற கழுத்தப் பத்தித்தான பேசறீங்க?"

"ஆமாங். உள்ள வாங்க, உக்காருங்க."

"அப்பறம் எனக்கு வெளங்கறாப்பல பேசுனா என்ன? சந்தைல மாட்டு வெலை பேசறாப்பல துண்டுக்குள்ள கைய உட்டுப் பேசறீங்க. மாடு நானு. எனக்குத் தெரிய வேண்டாமா?"

டாக்டரம்மா சிரித்தார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. "மடில என்னங் அது?"

"பூவுங்க. உங்களுக்குத்தான் கொண்டாந்தேன். வெடியக்காலைல பறிச்சது."

வாழை இலை பிரிகிற சத்தம். டாக்டரம்மா என்ன செய்திருப்பார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. "இங்க பாருங்க. மேல எத்தன வெள்ளையா இருக்குது. நடுவுல?"

"அட, பழுத்துப்போச்சே. நெருக்கி வெச்சா வெந்துபோகுமுங்க. நான் இப்பிடி வெக்க மாட்டேன். இது என்ற மருமகன் கட்டுனது."

"ஏனுங் அத்தை, என்னைய எதுக்கு இழுக்கறீங்க?" என்று ஒரு ஆண் குரல்.

"உங்க கட்டியும் இப்பிடித்தானுங்க நெருக்கி வெச்சிருக்குது" என்றார் டாக்டரம்மா. "அண்ணா, கேட்டுக்கங்க. கட்டிக்கு நடுவுல ரத்தம் போகல. சுத்தி மூச்சில்லாமக் கெடக்குது. ஆளும் வெளுத்திருக்குது, இமையில ரத்தமே இல்ல. மொதல்ல ரத்தத்தப் பாத்து, கொறைஞ்சிருந்தா ஏத்திப்போட்டு, அப்பறம் கரண்டு வெக்கறது நல்லதுங்ணா."

"அப்ப நாளைக்குக் கரண்டு வெக்க வேண்டாங்களா?" என்று மாராத்தாள் கேட்டார்.

"நான் எழுதிக் குடுத்தர்றேன். அங்க பெரிய டாக்டரு பாத்து முடிவு பண்ணுவாரு."

டேப் நின்றது. நான் கட்டியின் இடம், நீளம், அகலம், வளையம், கறுப்பு ஆகியவற்றைத் தட்டினேன். மாட்டுச் சந்தை, மல்லிகை, மருமகன் ஆகியவற்றை விட்டேன். அதோடு சேர்ந்து வந்த மற்றதையும் விட்டேன். தமிழில் இருந்தது, 'அண்ணா' என்று ஆரம்பித்து 'ங்ணா' என்று முடிந்தது. விதிப்படி அது பேச்சு.

3.40க்குப் பதினான்கு ரிப்போர்ட்டுகளை அடுக்கிக் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா ஒரு கையில் டீயோடு பதினான்கையும் நின்றுகொண்டே போட்டார். 4.05க்கு மருமகன் வந்து கவரை வாங்கிப் போனார்.

வீட்டுக்கு 6.35க்கு வந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு, காபி குடித்து, 7.10க்கு டைரி எழுத உட்கார்ந்தேன். அன்றைய பேச்சு எது என்பதில் சந்தேகமே இல்லை. துண்டுக்குள் கைவிட்டு மாட்டு விலை பேசுவதை எழுதினேன். பூவை எழுதினேன். மருமகனை எழுதினேன். பிறகு அடுத்து வந்ததையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். மை காய வேண்டும் என்று பக்கத்தை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதைப் படித்தேன்.

இரண்டு முறை படித்தேன். எழுந்தேன். "எங்க போறீங்க? மழை பேயுது" என்று மனைவி கேட்டாள். குடையை இந்த முறையும் எடுக்கவில்லை.

தெரு முனை எஸ்.டி.டி. பூத்தில் 7.25க்குத் தொண்டாமுத்தூர் நம்பரைச் சுழற்றினேன். டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் எடுத்தார். "அவ தோப்புல நிக்கறாளுங்க. யானை வந்துருச்சுன்னு ஒரே சத்தம். தகர டின்ன எடுத்துட்டுப் போயிருக்கறா. பத்து நிமிசம் உட்டுக் கூப்புடுங்க." பின்னால் டின் தட்டுகிற சத்தம் எனக்கும் கேட்டது.

பத்து நிமிடம் பூத்துக்குள்ளேயே நின்றேன். மறுபடி சுழற்றினேன்.

"ஏனுங்ணா, இந்நேரத்துல! யானை போயிருச்சு. நாலு குட்டித் தென்னையோட..."

"டாக்டரம்மா, மாராத்தாள் ரிப்போர்ட்டுல கடைசி வரி இல்லைங்க."

"எந்த வரி?"

"ரத்தம் ஏத்திட்டுக் கரண்டு வைக்கணும்னு சொன்னீங்களே. தமிழ்ல சொன்னீங்க. பேச்சுன்னு நெனச்சு விட்டுட்டேன்."

பூத்து மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. வேலை போகும் என்று நினைத்தேன். அதைவிட, அந்த அம்மா ரிப்போர்ட்டைத் தலைமாட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு படுத்திருப்பார் என்று நினைத்தேன். அதில் எல்லாம் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு.

"அண்ணா, நான் கையெழுத்து எங்க போட்டேன்?"

"கீழங்க. வலது ஓரத்துல."

"அதேதான். ஊரு பூரா நடுவப் பாரு நடுவப் பாருன்னு சொல்லிப்போட்டு, நான் ஓரத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கறேன். உங்குளுது பாதி, என்றது பாதி. சரி, அழுகாச்சிய அப்பறம் வெச்சுக்கலாம்."

"நான் அழுகலீங்க."

"நான் என்னையச் சொன்னேன். கேளுங்க. பெரிய டாக்டரு ஊட்டுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிப்போடறேன். ஆனா அந்தாளு காதுல கேட்டத நம்ப மாட்டாரு, பேப்பர்ல இருக்கோணும். நாளைக்கு எட்டரைக்குள்ள ரிப்போர்ட்டு அவரு மேசை மேல இருக்கோணும். நான் ஏழேகாலுக்கு வந்தர்றேன், கையெழுத்துப் போட. இந்தத் தடவ படிச்சுட்டுத்தான் போடுவேன்."

போனை வைக்கப் போனேன். "அண்ணா, எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?" என்றார். டைரியைப் பற்றிச் சொன்னேன். "மூணு வருசமா நான் பேசுனத எல்லாம் எழுதி வெச்சிருக்கறீங்களா? என்ற மாமியாரப் பத்திச் சொன்னதுமா?" என்று கேட்டார். சில பக்கங்கள் இருக்கின்றன என்றேன். டாக்டரம்மா போனை வைத்துவிட்டார்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரிய டாக்டர், "ஸ்கேன் எடுக்கச் சொன்னா வைத்தியமும் சேத்துச் சொல்றாங்க" என்று முனகினாராம். ஆனாலும் ரத்தத்தைப் பரிசோதித்தார். எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாக இருந்தது. அன்றைய கரண்டை நிறுத்தி, ரத்தம் ஏற்றி, அடுத்த வாரம் ஆரம்பித்தார். முதல் பாட்டில் ரத்தம் மருமகன் கொடுத்தது. மாராத்தாள் நவம்பரில் திரும்ப ஸ்கேனுக்கு வந்தபோது கட்டி ஒரு சுண்டைக்காய் அளவுக்கு வற்றியிருந்தது. நடுவில் கறுப்பு இல்லை. "ரத்தம் ஏத்துனதாலதானுங்களா?" என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்ணா. ஏத்தாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு பாக்க இன்னொரு மாராத்தா வேணுமே" என்றார் டாக்டரம்மா.

மாராத்தாள் அன்றைக்கும் பூ கொண்டுவந்திருந்தார். தளர்வாகச் சுற்றியது. டாக்டரம்மா விரலை விடுவதற்கு முன்பே, "நடுவுல பாத்துக்கங்க அம்மிணி, இது நானே கட்டுனது" என்று நீட்டினார். பிறகு ஒன்று சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையே வார்டு நர்ஸிடம், "என்ற கட்டிக்கு நடுவுல மூச்சில்லையாமா, ரத்தம் ஏத்தோணுமாமா" என்று சொல்லியிருக்கிறார். நர்ஸ் ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பேப்பர்ல அப்பிடி ஒண்ணும் இல்லையே பாட்டி. கட்டிக்கு ஏது மூச்சு?" என்று சிரித்துவிட்டாராம். "நாஞ் சொன்னா ஆரு நம்பறா? பேப்பரு சொன்னா நம்பறாங்க" என்றார் மாராத்தாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதெல்லாம் நவம்பரில். 1996 ஜூலை 10, புதன்கிழமை காலை, தண்ணீர் வராத நாள். சாப்பிடவில்லை. முதல் பஸ்ஸில் போய் 6.50க்கு சென்டரைத் திறந்தேன். லைட்டைப் போட்டு, டைப்ரைட்டர் உறையைக் கழற்றி, புதுத் தாளைச் செருகினேன். தலைப்பு, பெயர், தேதி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஓரத்தைச் சரிபார்க்கவில்லை. உருளையைத் திருகித் தாளின் நட்டநடுவுக்குக் கொண்டுவந்து, அந்த ஒரு வரியை முதலில் தட்டினேன். பிறகு அதைப் படித்தேன்.